கரி அடுப்பு மாடியிலேயே இருக்கட்டும்

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவது நம் மஹல்லாவிலும் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், குறை சொல்ல ஒன்றுமில்லை. தூறல் விழுந்ததும் அடுப்பைத் தூக்கி மாடிப்படி அறைக்குள் வைக்கிறோமே, அதுதான் ஆபத்து.

புகை அடங்கிக் கரி சிவந்துவிட்டால் இனிப் பயமில்லை என்று நினைக்கிறோம். அந்தக் கனலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். பித்தம் என்று நினைத்துப் படுத்தவர் எழாமலே போகலாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. அப்படி யாருக்காவது வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

சிறிய கேஸ் அடுப்பையும் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும்.

உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிட நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். சாம்பல் மூடிய கரி பல மணி நேரம் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். சற்றுத் தள்ளி நின்று தண்ணீர் தெளித்துக் கிளறி, மறுபடியும் தெளியுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கொட்டாமல் இரும்புச் சட்டியில் மாடியிலேயே விட்டுவிட்டு, மறுநாள் அள்ளலாம்.