உண்ணிச்செடியினால் வீட்டுக் கூடைகள்

குடியானவர் வீட்டு வரவு செலவுக் கணக்கில் விதை, எரு, கூலி ஆகியவற்றின் செலவு எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றது. விசேஷ நாட்களில் கொடுக்கும் வரிசைகளுக்கும் வீட்டு அலங்காரத்திற்கும் ஆகும் செலவோ, சிறிது சிறிதாகக் கையைவிட்டுப் போவதால், வருஷ முடிவில்தான் உணரப்படுகின்றது. விளைச்சல் குறைந்த வருஷங்களில் இச்செலவே கைமாற்றாகவும் கடனாகவும் மாறிவிடுவதுண்டு.

கிருஷ்ணகிரி ஜில்லாவில் பேரிகையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் கர்நாடக எல்லையை ஒட்டியவை. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று பாஷைகளும் இங்கு வழங்குவதால், மூன்று வகுப்பாரின் பண்டிகைகளும் இங்கு உண்டு. கேழ்வரகு களத்திற்கு வந்த பின்னர் சங்கராந்தியும், அதன்பின் யுகாதியும், கலியாண காலமும் தொடர்கின்றன. பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் வரும் கௌரி விரதத்தில், சுமங்கலிகள் முறத்தில் தானியம், மஞ்சள், குங்குமம், வளையல் முதலியவற்றை வைத்து ஒருவருக்கொருவர் அளிக்கின்றனர். இதனைக் கன்னடம் பேசுவோர் பாகினம் என்றும், தெலுங்கர் வாயனம் என்றும் சொல்வர். இவை எல்லாவற்றிற்கும் கூடையும் தட்டும் முறமும் வேண்டும். ஓசூரில் 1970களில் தொடங்கித் தொழிற்சாலைகள் பெருகியபின், கடைவீதியிலிருந்து பிளாஸ்டிக் சாமான்களை வாங்கிவரும் பழக்கம் வளர்ந்துவிட்டது. அவை சில மாதங்களில் நிறம் மங்கி உடைந்து, குப்பைமேட்டை அடைகின்றன.

அதே கிராமங்களின் வேலியோரங்களிலும், தரிசுகளிலும், ஏரிக்கரைகளிலும் ஒருவருக்கும் வேண்டாத ஒரு புதர் மண்டிக் கிடக்கின்றது. அதுவே உண்ணிச்செடி. அதனைக் களைந்து, அதன் தண்டைக் கொண்டே வீட்டிற்கு வேண்டிய கூடைகளை முடைந்துகொள்ளும் முறை இங்கு விவரிக்கப்படுகின்றது.

1. செடியின் வரலாறு

உண்ணிச்செடியின் சாஸ்திரப் பெயர் லாந்தானா கமாரா என்பது. இது இந்நாட்டிற்கு உரியதன்று. வெப்பமான அமெரிக்கப் பிரதேசங்களைச் சேர்ந்தது. மஞ்சளும் சிவப்புமான அதன் சிறு பூக்கொத்துகளின் அழகைக் கண்டு, ஐரோப்பியர் இதனைத் தோட்ட அலங்காரச் செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். பறவைகள் அதன் கரும்பழங்களைத் தின்று விதைகளை எங்கும் பரப்பின. அலங்காரத்திற்காக வந்த செடி தோட்டத்தைத் தாண்டி வயலோரத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் பிடித்துக்கொண்டது.

2. அதனால் விளையும் தீமை

உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் புல் முளைப்பது அரிது. மேய்ச்சல் குறைந்த கோடையில், பசியினால் மாடுகள் அதன் இலையைக் கடிக்கின்றன. அவ்விலையிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மாடு தீனி எடாமல் நிற்பதும், அசை போடாமையும், கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாவதும், வெயில் படும் இடங்களில், முக்கியமாக மூக்கிலும் வெண்ணிறத் தோலிலும், புண் உண்டாவதும் இதன் குறிகளாகும். இக்குறிகள் தோன்றினால் மாட்டை உடனே நிழலில் கட்டிக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். தாமதித்தால் மாடு இறப்பதும் உண்டு. முதிராத பச்சைக் காய்களைக் குழந்தைகள் தின்பதும் அபாயகரமானது.

காட்டில் இச்செடி மண்டுவதனால் யானை முதலிய விலங்குகளுக்கு உரிய புல்லும் தழையும் குறைகின்றன. கேழ்வரகு முற்றும் காலத்தில் ஓசூர்ப் பக்கத்துக் கொல்லைகளுக்கு யானைகள் வருவதால் குடியானவர் படும் நஷ்டம் யாவரும் அறிந்ததே. அதற்குக் காரணங்கள் பல. காட்டில் தீனி குறைதலும் அவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

3. பிற இடங்களில் கண்ட பயன்

பெங்களூரிலுள்ள ஏட்ரீ என்னும் சூழலியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், கர்நாடகத்தின் மாதேசுவரன் மலையில் வாழும் சோளகர் முதலிய மக்களுக்கு, மூங்கிலுக்கும் பிரம்பிற்கும் பதிலாக உண்ணித்தண்டைக் கொண்டு நாற்காலி, கூடை முதலியன செய்யும் பயிற்சியை அளித்தனர். நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பணியர், பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடியினர் இத்தண்டினால் யானை உருவங்களை மெய்யான அளவிலேயே செய்தனர். அவை 2021இல் லண்டன் நகரத்துப் பூங்காக்களில் வைக்கப்பட்டன. 2024இல் நூறு யானை உருவங்கள் அமெரிக்காவிற்குச் சென்று ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

உள்ளூர்ப் பொருளைக் கொண்டு உள்ளூர்த் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் இக்கொள்கை புதியதன்று. 1934இல் வார்தாவில் நிறுவப்பெற்ற அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, தமிழ்நாட்டில் பிறந்தவர். கிராமத்தின் செல்வம் கிராமத்திலேயே தங்குதற்கு வழி இதுவே என்பதைப் பல ஆண்டுகள் எடுத்துரைத்தார்.

4. தண்டைத் தேர்ந்து வெட்டுதல்

சொந்த நிலத்திலும் வேலியிலும் உள்ள செடிகளையே வெட்டுக. காப்புக்காட்டில் வன இலாகாவின் அனுமதியின்றி எதனையும் வெட்டலாகாது.

முடைவதற்குக் கணு நெருங்காமல் நீண்டு நேராக ஓடிய தண்டுகளே ஏற்றவை. எழுதுகோல் பருமனுள்ளவை நெடுக்குக் குச்சிகளுக்கும், அதனினும் மெல்லியவை சுற்றி முடைவதற்கும் உதவும். தண்டில் சிறு முட்கள் இருப்பதால், தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொள்ளுதல் நலம். பாம்பு, தேள் ஆகியவை புதரடியில் தங்குமாதலால், முதலில் நீண்ட கோலினால் தட்டிப் பார்த்தல் வேண்டும்.

தண்டை மாத்திரம் அறுத்துக்கொண்டு வேரை விட்டுவிட்டால், ஒரு மழைக்குள் செடி முன்னிலும் அடர்ந்து தழைத்துவிடும். டில்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் சி. ஆர். பாபு வகுத்த முறையில், மண்ணை விலக்கி, மட்டத்திற்குச் சிறிது கீழே, வேர்க்கழுத்தின் அடியிலேயே வெட்டி, வெட்டிய செடியைத் தலைகீழாகச் சாய்த்துவிடுவர். துளிர்க்கும் பகுதி மண்ணைவிட்டு வெளியேறிவிடுவதால் செடி மீண்டும் வளர்வதில்லை. பூக்கும் முன்னரே இதைச் செய்தால் விதை விழுவதும் தடைப்படும். இடம் வெறுமையாகக் கிடந்தால் பறவைகள் மறுபடி விதையைக் கொண்டுவரும். ஆகையால் அங்கே புல்லையோ வேறு பயனுள்ள செடியையோ உடனே வளர்த்தல் வேண்டும்.

5. பதப்படுத்துதல்

இலைகளையும் கிளைகளையும் கழித்தபின், தண்டுகளைப் பருமன்வாரியாகக் கட்டுகளாகக் கட்டுக. சமையலுக்கு உபயோகியாத ஒரு பெரிய பாத்திரத்தில் அல்லது தகர டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கட்டுகள் முழுகும்படி இட்டு, வெட்டவெளியில் சில மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். ஒரு தண்டை எடுத்துப் பார்க்கையில் பட்டை தடையின்றி உரியுமானால் பதம் சரி. தண்டுகள் சூடு ஆறுமுன் பட்டையை உரித்துவிடுதல் அவசியம். ஆறியபின் உரிப்பது சிரமம். உரித்த தண்டு வெளிர்நிறமாய், வழவழப்பாய் இருக்கும். கணுக்களைக் கத்தியால் சீவி, நிழலில் உலர்த்தி, கட்டிவைத்துக்கொள்ளலாம்.

கொதித்த நீரை மாடு குடிக்கும் தொட்டிக்கு அருகில் கொட்டலாகாது. இலையும் பட்டையும் மாட்டுக்கொட்டிலுக்கோ தீவனக் குவியலுக்கோ சென்றுவிடாதபடி ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். காய், பழங்களைத் தனியே பிரித்துக் கொளுத்திவிட்டு, மற்றவற்றை மாடு எட்டாத குழியிலிட்டு மக்கவைக்கலாம்.

6. வட்டக்கூடை முடையும் பாடம்

அடி ஒரு சாண் அகலமும், பக்கம் 6 அங்குல உயரமும் உள்ள கூடைக்கு வேண்டியவை: இரண்டு முழ நீளமுள்ள நெடுக்குக் குச்சிகள் 8, ஒரு முழக் குச்சி 1, சுற்றுவதற்கு மெல்லிய தண்டுகள் ஒரு கட்டு, கூரிய சிறு கத்தி, கயிறு.

(அ) முடையுமுன் எல்லாத் தண்டுகளையும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வளைத்தால் முறியாமல் இசைந்துகொடுக்கும் வரை ஊறல் போதுமானது.

(ஆ) நான்கு நெடுக்குக் குச்சிகளின் நடுவில் கத்தி முனையால் ஒரு கட்டைவிரல் நீளத்திற்குப் பிளவு செய்க. மற்ற நான்கு குச்சிகளையும் அப்பிளவுகளின் வழியே நுழைத்து, இரண்டும் சிலுவைபோல் நடுவில் பொருந்துமாறு அமைக்க.

(இ) நீண்ட மெல்லிய தண்டு ஒன்றை நடுவில் மடக்கி, ஒரு கையின் நான்கு குச்சிகளையும் அம்மடிப்பிற்குள் அடக்குக. அதன் இரு முனைகளும் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் சென்று, ஒவ்வொரு கையைத் தாண்டும்போதும் இடம் மாறும்படி, இரண்டு சுற்றுகள் இறுக்கிச் சுற்றுக.

(ஈ) மூன்றாம் சுற்றில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் சம இடைவெளியில் பரப்புக. இப்போது 16 கால்கள் உண்டாகும். ஒரு முழக் குச்சியின் நுனியைக் கூராகச் சீவி, நடுவில் செருகி 17ஆக்குக. கால்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான், ஒரே தண்டினால் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகத் தொடர்ந்து முடைகையில், ஒவ்வொரு சுற்றும் முந்தினதற்கு மாறாக அமையும். இரட்டைப்படையாயின் ஒரே இடத்தில் மேலாகவே விழுந்து முடைச்சல் நில்லாது. புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான்.

(உ) ஒரு தண்டு முடிந்தால், அதன் நுனியை ஒரு காலின் பின்புறம் நிறுத்தி, புதியதை அங்கேயே ஒட்டித் தொடங்குக. இரண்டு மூன்று சுற்றுகளுக்கு ஒருமுறை கத்தி முதுகினால் தட்டி நெருக்கிவிடுக.

(ஊ) அடி ஒரு சாண் அகலம் ஆனதும் மறுபடி நனைத்து, ஒவ்வொரு காலையும் அடியின் ஓரத்தில் கத்தி முதுகால் அழுத்தி மேல்நோக்கி மடக்குக. எல்லா நுனிகளையும் மேலே கயிற்றால் தளரக் கட்டிவிட்டு, பக்கத்தை 6 அங்குலம் வரை முடைக.

(எ) விளிம்பை முடிக்கக் கயிற்றை அவிழ்த்து, கால்களை நனைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலையும் வலப்பக்கம் வளைத்து, அடுத்ததன் பின்னும், அதற்கடுத்ததன் முன்னும் செலுத்தி, மூன்றாவதன் பின்னே உட்புறத்தில் முடிக்க. மிகுந்த நுனிகளை உலர்ந்தபின் நறுக்கிவிடலாம்.

முதற்கூடை கோணலாக அமைந்தால் மனந்தளர வேண்டுவதில்லை. அது கோழிக்குஞ்சு கவிழ்க்கவோ வெங்காயம் போட்டுவைக்கவோ உதவும்.

7. கேழ்வரகுக் கதிர்த் தோரணம்

மூன்று மெல்லிய தண்டுகளைச் சேர்த்து முறுக்கி ஒரு முழச் சுற்றளவில் வளையமாகக் கட்டுக. அறுவடையில் ஒரு சாண் தாளுடன் எடுத்த நல்ல கதிர்களை, தலைகீழாக நிழலில் தொங்கவிட்டு உலர்த்தி, சிறு கொத்துகளாக வளையத்தைச் சுற்றிக் கற்றாழை நாரினால் கட்டிவருக. இது வாசலிலும், பூசை இடத்திலும், கொலுப்படியின் பக்கத்திலும் தொங்கவிடத் தக்கது. எலி எட்டாதபடி மெல்லிய கயிற்றில் தொங்கவிடுதல் நலம். பண்டிகை கழிந்தபின் தாழ்வாரத்தில் கட்டினால் சிட்டுக்குருவிகளுக்கு இரையாகும்.

8. கொடுக்கும் முறை

கூடை வெறுமையாகக் கொடுக்கப்படுவதன்று. சங்கராந்திக்கு அவரைக்காயும் எள்ளும் வெல்லமும். வளைகாப்பிற்குக் கண்ணாடி வளையலும் பழமும். புதுக்குடித்தனம் வைப்போருக்கு நன்கு உலர்த்திய காய்கறி விதைகள் சிறு பொட்டலங்களாக. இவ்வாறு காலத்திற்கேற்ற பொருளை வைத்தளிக்கலாம். விதைப் பொட்டலத்தின் மேல் பெயரும் விதைக்கும் மாதமும் எழுதியிருந்தால், பெற்றவர் கொல்லையில் அது வருஷந்தோறும் கொடுத்தவரை நினைப்பூட்டும். உணவுப் பொருள் வைக்கும் கூடைக்குச் சாயமும் வார்னிஷும் பூசாமல், உள்ளே வாழையிலையோ துணியோ விரித்தல் வேண்டும்.

9. கவனிக்க வேண்டியவை

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் மூங்கிற் கூடை முடைவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட மேதரர் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய கைப்பழக்கத்திற்குப் புதிதாகக் கற்போர் ஈடாகமாட்டார். கிராமத்துப் பெண்கள் சங்கமாகக் கூடிப் பழக விரும்பினால், அவர்களுள் ஒருவரை உரிய கூலி தந்து ஆசிரியராக அமர்த்திக்கொள்ளுதலே முறை. மூங்கிலின் விலை ஏறிய இக்காலத்தில், விலையில்லாத உண்ணித்தண்டு அவர்களுடைய தொழிலுக்கும் துணையாகலாம். சந்தையில் அவர்களுக்குப் போட்டியாக மலிவு விலையில் விற்க முனைவது நன்றன்று.

மற்றொன்று: கூடைக்கு வேண்டுமென்று உண்ணிச்செடியை ஒருவரும் நட்டு வளர்க்கலாகாது. மாட்டுக்கு நஞ்சாகவும் புல்லுக்குப் பகையாகவும் இருக்கும் செடியை ஒழிப்பதே முதல் நோக்கம். கூடை அதனோடு வரும் ஊதியமேயாம். ஒரு குடும்பம் கோடையில் தன் வேலியோரத்தை வேரோடு சுத்தம் செய்தால், அவ்வருஷத்து வரிசைகளுக்கு வேண்டிய கூடைகளுக்குத் தண்டு கிடைக்கும். மழைக்குப்பின் அவ்விடத்தில் மாட்டுக்குப் புல்லும் கிடைக்கும். ஊரில் உண்ணிச்செடி அருகித் தண்டு கிடையாத காலம் வருமாயின், அதனைக் குறையென எண்ணாது, ஊரார் செய்த வேலை நிறைவேறியதென்றே கொள்ளல் வேண்டும். அப்போது அக்கைகளுக்கு மூங்கிலும் நாணலும் காத்திருக்கும்.