நம்பிக்கைகளும் உண்மைகளும்: பூச்சியமும் வெற்றுக் கட்டமும்

நம்பிக்கை: பதிவில்லாத இடத்தில் பூச்சியம் போட்டால் கணக்கு நிறைவாகிவிடும்.

உண்மை: பூச்சியம் ஒரு விடை. எண்ணிப் பார்த்தோம், எதுவுமில்லை என்று அது உறுதி கூறுகிறது. வெற்றுக் கட்டமோ யாரும் எண்ணவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இலங்கையின் 2001 குடிசன மதிப்பீடு போரினால் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அவற்றுள் இல்லை. இன்றைய மாவட்ட எல்லைக்குள் 1981 இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேரும், 2012 இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரும் இருந்தனர். இடையில் 2001 க்குப் பூச்சியம் இட்டால், மாவட்டமே ஆளற்றுப் போய்ப் பிறகு நிரம்பியதாகிவிடும். மனிதரை எண்ணும்போது எவரும் ஒப்பாத இந்தப் பிழை, சரக்கை எண்ணும்போது எளிதாக நடந்துவிடுகிறது. ஒரு கூட்டுறவுக் கடையின் பருப்பு விற்பனை நான்கு மாதங்களில் 40, 50, பதிவில்லை, 60 மூடை என்று வைத்துக்கொள்வோம். எக்செல் வெற்றுக் கட்டத்தை விட்டுவிட்டுச் சராசரியை 50 என்று தரும். அங்கே பூச்சியம் இட்டால் 37.5 என்று தரும். அந்த வெற்றுக் கட்டத்தை இன்னொரு தாளிலிருந்து சமக்குறியிட்டு எடுத்தாலோ, எக்செல் தானே 0 என்று காட்டும். யாரும் எழுதாத பூச்சியம், சராசரியைப் பார்த்துச் செய்யும் அடுத்த கொள்வனவில் 12.5 மூடையைக் குறைத்துவிடும்.

நம்பிக்கை: விற்பனை பூச்சியம் என்றால் தேவையும் பூச்சியம்.

உண்மை: 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான தரைவழியான ஏ9 வீதி மூடப்பட்டபின், அங்கு வேண்டிய பொருட்கள் பெரும்பாலும் காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் கப்பலில்தான் வந்தன. கப்பல் தாமதித்த வாரத்தில் ஒரு கடையில் சீனி விற்பனை பூச்சியமாகப் பதிவாகியிருந்தால், அது வெறும் இறாக்கையின் கணக்கு. சனத்தின் தேவை அன்றும் இருந்தது. திட்டமிடும் மென்பொருளுக்கு அந்த வேறுபாட்டை நாம் சொல்லாவிட்டால், அது குறைவாகக் கோரும். குறைவாக வந்தது குறைவாகவே விற்கும். பிழையான கணிப்பு சரியானதுபோல் நிலைத்துவிடும். ஆகவே விற்பனைக்குப் பக்கத்திலேயே அன்றைய கையிருப்பும் பதிவாக வேண்டும். கையிருப்பு இருந்தும் விற்காவிட்டால்தான் அது உண்மையான பூச்சியம்.

நம்பிக்கை: வெற்றாக விடுவது சோம்பலுக்கு இடங்கொடுப்பது; அப்படி விடலாமென்றால் எல்லாப் பூச்சியங்களையும் நீக்கிவிடலாம்.

உண்மை: முதற்பகுதியில் நியாயம் உண்டு. காரணமில்லாத வெற்றுக் கட்டம் கணக்காய்வாளருக்கு உதவாது. அதற்குப் பரிகாரம், பக்கத்தில் ஒரு காரணக் கட்டம் வைப்பது: சரக்கு வரவில்லை, கடை பூட்டு, பதிவு கிடைக்கவில்லை. பூச்சியம் போட்டு மூடினால் சோம்பலும் தெரியாது, காரணமும் தெரியாது. இரண்டாம் பகுதி அதே பிழையின் மறுபக்கம். தோட்டக் கிணற்று நீர்ப்பம்பியின் உதிரிப்பாகம் பல மாதம் விற்காமல் கிடந்து ஒருநாள் விலைப்படும். அந்த மாதங்களின் பூச்சியங்கள் மெய்யானவை. 1972 இல் குரொஸ்டன் என்பவர் முன்வைத்த கணிப்பு முறை, விற்ற அளவையும் இரு விற்பனைகளுக்கு இடைப்பட்ட காலத்தையும் தனித்தனியே கணிப்பது இதனால்தான். அந்தப் பூச்சியங்களை நீக்கினால் கணிப்பு மிகையாகி, பணம் இறாக்கையில் முடங்கும்.

பதிவிடுவோரிடம் கேட்பது இதுதான்: எண்ணிப் பார்த்திருந்தால் மட்டும் பூச்சியம் எழுதுங்கள். எண்ணவில்லையென்றால் கட்டத்தை வெற்றாக விட்டு, ஏன் என்று எழுதுங்கள்.