உக்கும் குப்பை, உக்காத குப்பை, வீட்டுக்குள் வரக்கூடாத கேன்

ஒரு பொருளை ஒரு தரம் பாவித்துவிட்டு வீசுகிற பழக்கம் நமது தோட்டங்களில் முன்பு இருந்ததில்லை. பால்மா டின் சீனி டின்னாகும். பழைய சேலை பிள்ளைக்குத் தொட்டிலாகும். கிழிந்தால், கூடைக் கயிறு தலையை அறுக்காமல் மடித்து வைக்கும் துணியாகும். அதன் பிறகு வாசலில் கால்மிதி. இதை யாரும் நமக்குப் படிப்பிக்கவில்லை. இல்லாமைதான் படிப்பித்தது.

இப்போது லயத்துக்கு வருகிற சாமான் வேறு. சொப்பிங் பை, பிஸ்கட் உறை, சோடாப் போத்தல், யோகட் கோப்பை. இவை உக்காது. கானில் விழுந்தால் கானை அடைக்கும், அடுத்த மழைக்குத் தண்ணீர் காம்பராவுக்குள் வரும். கோப்பையில் ஒரு வாய்த் தண்ணீர் தேங்கினாலே போதும், டெங்கு நுளம்பு முட்டையிட்டு ஏழு பத்து நாளில் புது நுளம்பு பறக்கும். 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு கண்டது.

ஈர விறகு பற்றவில்லையென்று பொலித்தீனை அடுப்பில் சொருகுகிற வழக்கமும் இருக்கிறது. "ஒரு துண்டுதானேங்க" என்பார்கள். புகைபோக்கி இல்லாத குசினியில் அந்தப் புகையை முதலில் குடிப்பது இடுப்பிலிருக்கிற பிள்ளை. அடுப்புக்கு மேலே நாலு கம்பி கட்டி நாளைய விறகை இன்றைக்கே காயப் போடுங்கள். காய்ந்த மிலாறும் சிரட்டையும் பொலித்தீனை விட நன்றாகப் பற்றும்.

சரி, உக்கும் குப்பைக்கு வருவோம். மரக்கறித் தோல், கீரைத் தண்டு, வடித்த தேயிலைத் தூள், முட்டைக் கோது, வாசல் கூட்டிய இலை இவை எல்லாம் உரம். 2021இல் இரசாயன உரத்தை இறக்குமதி செய்வதற்குத் தடை வந்து, பிறகு யூரியா விலை எங்கே போனது என்று எல்லாரும் கண்டோம். அப்படியிருந்தும் நல்ல உரத்தைத் தினமும் கானில் கொட்டுகிறோம்!

குழி வெட்டித்தான் போட வேண்டும் என்றில்லை. நமது மழைக்குக் குழியில் தண்ணீர் நின்று நாறிப்போகும். மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில், தரைக்கு மேலே, கம்பு நட்டு இடுப்பளவு அடைப்பு ஒன்று கட்டினால் போதும். கீழே சுள்ளி பரப்புங்கள். ஒரு கூடை சமையல் கழிவு, அதன் மேல் இரண்டு கூடை காய்ந்த இலை, கொஞ்சம் சாணம் அல்லது மண் என்று அடுக்கிக்கொண்டு போங்கள். மேலே பழைய தகரம் ஒன்று போட்டு மூடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் மண்வெட்டியால் புரட்டிவிட வேண்டும். நாறினால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்த இலை சேருங்கள். ஒன்றும் உக்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். குளிர் கூடிய மலைகளில் நாலைந்து மாதம் எடுக்கும், பொறுமை வேண்டும். கருப்பாகி, காட்டு மண் வாசம் வந்தால் போஞ்சிக்கும் கோவாவுக்கும் போடலாம். மீன் முள்ளும் மிஞ்சிய கறியும் இதில் வேண்டாம். எலி வரும், எலிக்காய்ச்சலும் வரும்.

"மலையிலயிருந்து வந்து இதுக்கெல்லாம் எங்கங்க நேரம்?" என்று தாய்மார் கேட்பது நியாயம். கொழுந்து எடுத்து வந்தவள் தலையிலேயே இதையும் கட்ட வேண்டியதில்லை. குப்பையைப் பிரித்துப் போடுவது பிள்ளைகளால் முடியும். புரட்டுவது ஆம்பிளைகள் வேலை.

திரும்பப் பாவிப்பது நல்லதுதான். ஆனால் அதில் ஒரு விலக்கு உண்டு. களைநாசினி, பூச்சிநாசினி வந்த கேன் பார்க்க உறுதியாக, அழகாக இருக்கும். தண்ணீர் பிடிக்க, மண்ணெண்ணெய் வாங்க, பிள்ளைக்கு விளையாட என்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதை எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் சரிவராது, மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஊறியிருக்கும். பீலியில் கழுவினால் கீழ் லயத்தாரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மருந்து அடிக்கிற அண்ணன்மார் மலையிலேயே கேனை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரையும் மருந்துத் தாங்கியிலேயே ஊற்றி அடித்துவிட வேண்டும். பிறகு கேனில் ஓட்டை போட்டு, மருந்து கொடுத்த இடத்திலேயே எண்ணி ஒப்படையுங்கள். உரப் பையிலும் அரிசி, மா போடாதீர்கள். மண் நிரப்பிக் கத்தரி, மிளகாய் நடுவதற்கு அது நல்லது.

அப்படியும் பிள்ளை யாராவது அந்தக் கேனிலிருந்து குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கேனில் ஒட்டியிருக்கிற லேபலையும் டொக்டரிடம் கொண்டு போங்கள், என்ன மருந்து என்று அதைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்வார்.