கணக்கு தெரிந்தவருக்குச் சொல்லித்தர ஏன் வருவதில்லை?



ஊக்குநர் மாறும்போது பல குழுக்களில் நடப்பது ஒரே கதைதான். பழைய ஊக்குநர் கணக்கில் கெட்டிக்காரர். புதியவரை உட்கார வைத்து ஒரு மணி நேரத்தில் எல்லாப் பதிவேடுகளையும் காட்டிவிடுவார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுதுக்கா." அடுத்த மாதமே நோட்டெல்லாம் திரும்பப் பழையவர் வீட்டுக்குப் போய்விடும். "அவளுக்கு ஏறல" என்பார் அவர். "அந்த அக்காவுக்குச் சொல்லித்தர மனசில்ல" என்பார் இவர். பெரும்பாலும் இரண்டுமே உண்மையில்லை.

கூட்டத்தில் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை ஒருவர் மனதுக்குள் பாடிக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் தட்டில் தட்ட வேண்டும். மற்றவர்கள் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். 1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் தன் ஆய்வுக்காக இதைச் செய்தார். பாதிப் பாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது மூன்றே மூன்று! தட்டுகிறவர் காதில் பாட்டு முழுசாக ஓடுகிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது வெறும் 'டொக் டொக்'.

கணக்கிலும் இதேதான். உறுப்பினர்கள் 20 பேர் ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு கட்டினார்கள். 2,000 ரூபாய் வரவு. மறுநாள் அதை பேங்கில் போட்டாச்சு. ரொக்கப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுத வேண்டும்? செலவுப் பக்கம். புதியவர் இங்கேதான் திகைத்து நிற்பார். "பணம் செலவாகலையே, நம்ம கணக்குலதானே இருக்கு?" நியாயமான கேள்வி. ரொக்கப் புத்தகம் நம் பணப்பெட்டியில் இருக்கும் காசுக்கு மட்டும்தான் கணக்கு சொல்லும். பெட்டியை விட்டு வெளியே போனால் செலவுப் பக்கம். பேங்கில் இருப்பதை பேங்க் கணக்கில் தனியாக வரவு வைக்கிறோம். இந்த ஒரு வார்த்தையைப் பழையவர் சொல்வதே இல்லை. மறைக்கவில்லை. பத்து வருடமாக எழுதி எழுதி, அது ஒரு காலத்தில் தனக்கும் புரியாமல் இருந்தது என்பதே அவருக்கு மறந்துபோனது.

வட்டியைப் பாருங்கள். 5,000 ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 500 வீதம் பத்துத் தவணை. "மீதி அசலுக்கு வட்டி போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். முதல் மாதம் 50, அடுத்த மாதம் 45, அதற்கடுத்து 40 என்று கூடவே உட்கார்ந்து போட்டுக் காட்டினால் பத்து மாதத்துக்கு 275 ரூபாய். அது புரியாமல் மாதாமாதம் 50 என்றே எழுதினால் 500. கடன் வாங்கிய சகோதரியின் கையிலிருந்து 225 ரூபாய் அநியாயமாகப் போகிறது. கேட்டால் "சரியாத்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்பார்கள்!

வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் இதை எப்படிச் சமாளித்தது என்பது நமக்குப் பாடம். 1980 முதல் 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்துபோய், வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். டாக்டர்கள் பேசும் கிராம், மில்லி லிட்டர் எதுவும் அதில் கிடையாது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாயே தன் கையால் கலக்கிக் காட்ட வேண்டும். (இப்போது ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கிறது, அதையே வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள்.)

இதில் முக்கியமான விஷயம் சம்பளம். சில வாரம் கழித்து வேறொருவர் போய் அந்தத் தாயிடம் கேள்வி கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பணியாளருக்குக் கூலி. எவ்வளவு நேரம் பேசினாய் என்பது கணக்கில் வராது. "அவங்களுக்கு ஏறல" என்று சாக்குச் சொல்ல வழியே இல்லை பாருங்கள்.

நம் குழுவில் கூலி கொடுக்க முடியாது. ஆனால் பேனாவைப் புதியவர் கையில் கொடுக்கலாம். பழையவர் பக்கத்தில் உட்காரட்டும், நோட்டைத் தொடக்கூடாது. (இதுதான் அவர்களுக்கு ரொம்பக் கஷ்டம், கை பரபரக்கும்.) "புரிஞ்சுதா?" என்று கேட்காமல் "இதை ஏன் இந்தப் பக்கம் எழுதினே?" என்று கேட்கட்டும். கணக்கு எழுதும் முறையைக் குறிப்பாக எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுவதாக இருந்தால், அந்தக் குறிப்பைப் போன மாதம் கற்றுக்கொண்டவர் எழுதட்டும். எங்கெங்கே தடுக்கியது என்று அவருக்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கும். பிறகு கணக்கே தெரியாத ஒரு உறுப்பினரிடம் அதைக் கொடுத்து, ஒரு மாதச் சேமிப்பை எழுதச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் பேனாவை நிறுத்துகிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.