ஜவ்வாதுமலையில் சைக்கிளில் ஒரு நாள்: முதல் நாள் மாலையே செய்ய வேண்டியவை

நானும் என் தம்பியும் ஜவ்வாதுமலைக்கு சைக்கிளில் போய்வர ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. வாணியம்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, மறுபுறம் போளூருக்கு இறங்குவது எங்கள் பாதை. போளூரிலும் ரயில் நிலையம் இருப்பது பெரிய வசதி. மொத்தம் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். வழியில் நாங்கள் பட்ட சிரமங்களைத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலானவை சமையலறையிலும் பழைய துணி அலமாரியிலும் இருக்கும் பொருள்களால் தவிர்த்திருக்கக்கூடியவை. அவற்றைத்தான் எழுதியிருக்கிறேன்.

1. தை, மாசி மாதங்களில் போங்கள். இந்த மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே ஜூனிலிருந்து டிசம்பர் வரை எந்த நாளிலும் நனைய நேரலாம். சித்திரை, வைகாசியில் போவதானால் அடிவாரத்துச் சரிவுகளை வெயில் ஏறுமுன் கடந்துவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் காற்றும் அனலாகத்தான் வரும்.

2. நேரக் கணக்கில் தாராளமாக இருங்கள். நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் பிரெஞ்சு முறையில், 200 கிலோமீட்டரை முடிக்க 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் அதற்குள் அடக்கம். மணிக்கு 15 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. பழகியவர்களுக்கே அந்தக் கணக்கு என்றால், மலையில் நமக்கு மணிக்கு 10 என்று வைத்துக்கொள்வதே சரி. இருட்டுமுன் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். இடையே காட்டுப் பகுதிகள் உண்டு. அங்கே தெருவிளக்கு கிடையாது.

3. தண்ணீர் பாட்டிலில் பாதி மட்டும் நிரப்பி, சாய்த்துப் படுக்க வைத்து இரவு முழுக்க ஃப்ரீசரில் விடுங்கள். காலையில் மீதிப் பாதியை நிரப்பினால் நெடுநேரம் சில்லென்று இருக்கும். முழுக்க நிரப்பி உறைய வைத்தால் பாட்டில் வெடிக்கும். தாகத்துக்கு ஒரு சொட்டும் இறங்காது. ஜோடி தொலைந்த காலுறை ஒன்றை நனைத்து பாட்டிலுக்கு மாட்டிவிடுங்கள். மண்பானை குளிர்கிற அதே முறையில், ஓடும்போது படும் காற்றில் ஈரம் ஆவியாகி நீர் குளிர்ந்தபடியே வரும்.

4. ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், இன்னொன்று உப்பு-சர்க்கரை நீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலந்து கொடுக்கும் அதே அளவுதான். எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம். உப்பை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.

5. நீர்மோர் கொண்டுபோனால் முதல் இரண்டு மணி நேரத்தில் குடித்து முடியுங்கள். வெயிலில் குலுங்கக் குலுங்க அது பொங்கிப் புளிக்கும். மூடியைத் திறந்ததும் சட்டை மேலெல்லாம் பீய்ச்சியடிக்கும்.

6. காலை உணவு இட்லி. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பூரி, வடை வேண்டாம். எண்ணெய்ப் பண்டம் ஏற்றத்தில் நெஞ்சுக்கு ஏறி வரும்.

7. மதியத்துக்குப் புளிசாதம் சிறந்தது. முதல் நாள் இரவே கிளறி வைக்கலாம். நிலக்கடலையைக் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள். தயிர்சாதம் வேண்டுமென்றால் குழைந்த சாதத்தில் ஆறிய பாலை ஊற்றி ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்து கட்டுங்கள்; மதியத்துக்குள் தானே உறைந்து, புளிக்காமல் இருக்கும். வாழையிலையைத் தணலில் வாட்டி அதில் பொதிந்து, மேலே செய்தித்தாள் சுற்றிவிடுங்கள். டப்பாவின் கனமும் இல்லை, கழுவும் வேலையும் இல்லை. சாப்பிட்ட இலை மாட்டுக்கு. செய்தித்தாளை மடித்துப் பத்திரப்படுத்துங்கள், 12-ஆம் குறிப்பில் வேண்டியிருக்கும்.

8. இந்தப் பட்டியலில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: பசி வருமுன் தின்ன வேண்டும். ஏற்றத்தில் மிதிக்கும்போது பசி தெரியாது. தெரிகிறபோது கை நடுங்கும், கண் இருட்டும், அற்ப விஷயத்துக்கு எரிச்சல் வரும். என் தம்பி பேச்சை நிறுத்தினான் என்றால் அவனுக்குச் சர்க்கரை குறைகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். முதல் வருஷம் தெரியாமல், கோபித்துக்கொண்டான் என்று நினைத்து நானும் பேசாமல் வந்தேன். முக்கால் மணிக்கு ஒரு தரம் ஏதாவது வாயில் போடுங்கள். கடலைமிட்டாய், எள்ளுருண்டை, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், நாட்டு வாழைப்பழம் போதும். கடலைமிட்டாயை வீட்டிலேயே சிறு துண்டுகளாக உடைத்து, சட்டைப் பையில் கைக்கு எட்டும்படி வையுங்கள். முதுகுப் பையின் அடியில் இருப்பதை எடுக்க நின்றால்தான் ஆகும். நிற்கச் சோம்பல்பட்டு தின்னாமலே போய்விடுவோம்.

9. பிரேக் கட்டைகளை முதல் நாள் மாலை பாருங்கள், காலையில் பார்த்தால் மாற்ற நேரமிருக்காது. தேய்ந்து வரிகள் மறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரிம்மை ஈரத்துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குங்கள். பழைய சைக்கிள்களில் இருக்கும் முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லலாம். ஒரு ஐப்பசியில் போளூர் பக்கத்து இறக்கத்தில், தூறலில் தம்பியின் சைக்கிள் அப்படித்தான் நிற்காமல் போய் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியது. முழங்கை சிராய்ப்போடு தப்பினான். அந்த ஊருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அரை மணி நேரமும் நான் அழுதுகொண்டே வந்தேன். இப்போது இருவருக்கும் அலுமினிய ரிம்தான்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி வராதீர்கள். ரிம் கொதிக்கும், கை மரத்துப்போகும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வர வேண்டும். முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற விழ நேரும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். உடல் எடையைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி உட்காருங்கள். மழை பெய்திருந்தால் லேசாகப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ரிம்மின் ஈரத்தை முதலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

10. சீட் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்தினால் கால் நேராக நீள வேண்டும். அதைவிடத் தாழ்ந்திருந்தால் மாலையில் முழங்கால் வலிக்கும்.

11. பஞ்சர் சாமான். கூடுதல் டியூப் ஒன்று, ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், கைப்பம்பு. டயர் கழற்ற ஸ்குரூடிரைவர் போட்டால் டியூப் கிழியும். தட்டைக் காம்புள்ள இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்கள் அந்த வேலையைச் செய்யும், மதியச் சாப்பாட்டுக்கும் ஆகும். காற்றுக் கசியும் இடம் கண்டுபிடிக்கத் தண்ணீர்த் தொட்டி கிடைக்காத இடத்தில் டியூபைக் கன்னத்தருகே வைத்துச் சுற்றினால் காற்றுப் படும். ஒட்டிய பிறகு, டயரின் உட்புறத்தை ஒரு பழந்துணியால் சுற்றித் தடவிப் பாருங்கள். சமவெளிச் சாலையில் ஏறிய கருவேல முள் அங்கேயே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடத்தில் போய்விடும். டயரே கிழிந்திருந்தால் காலிப் பால் பாக்கெட்டை நாலாக மடித்துக் கிழிசலின் உள்பக்கம் வைத்துக் காற்று அடியுங்கள். கெட்டியான பிளாஸ்டிக், போளூர் வரை தாங்கும். கழுவிக் காயவைத்த ஒரு பால் பாக்கெட் எப்போதும் எங்கள் சீட்டடிப் பையில் உண்டு.

12. மேலே ஏறி வேர்த்த உடம்போடு இறங்கத் தொடங்கினால் எதிர்க்காற்றில் நெஞ்சு குளிரும். செய்தித்தாளை விரித்து, சட்டைக்குள் மார்பை மூடும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தில்கூட, மலை உச்சியில் நின்ற ரசிகர்கள் வீரர்களுக்குச் செய்தித்தாள் நீட்டுவார்கள். பஞ்சுக் குல்லாவைவிட இது உபயோகம்.

13. உள்தொடையில் தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்க, கிளம்புமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தையல் தடித்த ஜீன்ஸ் வேண்டாம். பெண்கள் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சல்வாரின் வலது கணுக்காலை ஒரு ரப்பர் பேண்டால் கட்டினால் செயினில் சிக்காது.

14. ஏற்றம் தொடங்கிய பின் கியரை மாற்றாதீர்கள், அதற்குச் சற்று முன்பே இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். கியர் இல்லாத வண்டியா, இறங்கித் தள்ளுங்கள். தள்ளி நடப்பதும் பயணம்தான். வழியில் உள்ள புளியமரத்தையும் பலாவையும் அப்போதுதான் பார்க்க முடியும். வளைந்து வளைந்து ஏறுவது சுலபமாகத் தெரியும், ஆனால் கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து வரும் பேருந்துக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. விதியை நம்பி நடுச்சாலையில் போக வேண்டாம். இடது ஓரம் பிடியுங்கள்.

15. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையிலேயே கதிரைப் பரப்பிக் காயவைப்பார்கள், வண்டிச் சக்கரம் ஏறித் தானியம் உதிரட்டும் என்று. சாமை, கேழ்வரகு, கொள்ளு எதுவானாலும் சைக்கிளுக்கு அது சறுக்கு மரம். தூரத்தில் மஞ்சளாகத் தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேரே போங்கள். முடிந்தால் இறங்கி ஓரமாகத் தள்ளுங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு.

16. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. கைப்பேசியில் பணம் அனுப்ப முடியாது. வீட்டு எண்ணை ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். எத்தனை மணிக்கு எந்த ஊரில் இருப்போம் என்று வீட்டில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனால் அவர்கள் பதறமாட்டார்கள்.

17. காவலூரில் அவசியம் இறங்குங்கள். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். 1968 முதல் அங்குள்ள வானியல் ஆய்வகத்தில் வானைப் பார்க்கிறார்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் 1986-இல் வானியலாளர் வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது. 1988-இல் இங்கிருந்து கண்ட ஒரு சிறுகோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயர். பார்வையாளர்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். விசாரித்துக்கொண்டு நாளைக் குறியுங்கள். நான் முதன்முறை போனபோது, நான் மிதித்து ஏறிய மலையிலிருந்து யுரேனஸின் வளையத்தைக் கண்டார்கள் என்று படித்து, அங்கே ஒரு மரத்தடியிலேயே கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

18. ஜமுனாமரத்தூரில் கடைகள் உண்டு. ஊருக்கு அப்பால் தண்ணீருக்குக்கூட வீடுகளைத்தான் கேட்க வேண்டும். மலையாளி பழங்குடி மக்கள் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று "அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேளுங்கள், வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஒருமுறை ஒரு பாட்டி தண்ணீரோடு கேழ்வரகுக் கூழும் உரித்த சின்ன வெங்காயமும் கொண்டுவந்து, "வெறும் தண்ணி குடிச்சிட்டு எப்படிம்மா மேடு ஏறுவ?" என்றார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அன்றிலிருந்து வீட்டிலிருந்து ஒரு டப்பா எள்ளுருண்டை தனியாகக் கொண்டுபோகிறேன், பிள்ளைகள் கையில் கொடுக்க. தேன், புளி, சாமை, சீத்தாப்பழம் எதை வாங்கினாலும் அவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

19. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உடனே இறங்கிக் காலை நீட்டி, கால்விரல்களை முழங்காலை நோக்கி மெல்ல இழுத்துப் பிடியுங்கள். விட்ட பிறகு உப்பு-சர்க்கரை நீர் குடித்து, பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள்.

20. கையில் கிரீஸ் ஒட்டினால் தேங்காய் எண்ணெயும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்துத் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள். பலாப்பால் பிசுக்குக்கும் அதே எண்ணெய்தான். துணியில் பட்ட கறைக்குச் சாக்பீஸ் தூளை இரவு முழுக்கத் தூவி வைத்து, காலையில் தட்டிவிட்டுப் பாத்திரச் சோப்பால் தேயுங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

21. மறுநாள் செயினை மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசினாகி மண்ணை இழுக்கும்.

22. தேனை பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, வாய்க்கு ஒரு பாலித்தீன் துண்டு வைத்து மூடியைத் திருகினால் குலுக்கலில் ஒழுகாது. வாங்கிவந்த சாமையை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு டப்பாவில் வைத்தால் வண்டு வராது. சமைக்கும்போது சிறு கல் இருக்கும், இரண்டு தரம் அரிக்க வேண்டும். ஒரு கப் சாமைக்கு இரண்டரை கப் தண்ணீர். குறைந்த தணலில் மூடி வேகவைத்து, இறக்கி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் உதிரியாக வரும். களைத்து வந்த மறுநாள் காலை நாங்கள் அதில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிப்போம்.