பூ வைக்காத அறையிலிருந்து

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பெயர் போடாமல் எழுதிய கடிதத்தைப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்து எனக்கு அனுப்பி வைத்தார்கள். மூன்று முறை சிகிச்சை எடுத்தும் கூடிவரவில்லை, மூன்று முறையும் லேபிலிருந்து பேசியவர் ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் குரலாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் 14 வருடமாக நானும் அந்தக் குரலில்தான் பேசிவருகிறேன்.

நான் எம்பிரியாலஜிஸ்ட். முட்டையையும் விந்தணுவையும் சேர்த்து, கருவை வளர்க்கும் அறையில் எனக்கு வேலை. அங்கே பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. சென்ட், பவுடர் எதுவும் கூடாது. காற்றில் கலக்கும் வாசனைப் பொருள் கருவுக்கு ஆகாது. கரு இருக்கும் தட்டை இடம் மாற்றும்போதெல்லாம் அதிலுள்ள பெயரை நான் உரக்கப் படிக்க, பக்கத்தில் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். முகம் தெரியாத ஒரு பெண்ணின் பெயரை, கரு வளரும் ஐந்து நாளும் அப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பேன். வீட்டில் அடுப்படியில் நிற்கும்போதும் அந்தப் பெயர் வாயில் வரும்.

விந்தணு சேர்த்த 16 முதல் 18 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். முட்டைக்குள் இரண்டு சின்ன வட்டங்கள் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒருவருடைய ஒன்பது முட்டைகளைப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. நின்று நிதானமாகப் பார்க்கவும் முடியாது. வெளியே வைத்திருந்தால் 37 டிகிரி சூடு இறங்கிவிடும். தட்டை உள்ளே வைத்துவிட்டு, முந்தைய நாள் என் கை செய்த ஒவ்வொன்றையும் மனதுக்குள் திரும்ப ஓட்டினேன். எங்காவது பிசகினேனா? பிசகியதாகத் தெரியவில்லை. அதனால் மனம் ஆறிவிடவும் இல்லை.

பத்து மணிக்குப் போன் செய்தேன். கணவர்தான் எடுத்தார். "மேடம், இன்னொரு தடவை பாத்துச் சொல்றீங்களா?" என்றார். பார்த்தாயிற்று என்று தெரிந்தும் போய்ப் பார்த்தேன்.

அடுத்து அழைக்க வேண்டிய வீட்டுக்கு ஏழு நல்ல கருக்கள். தழுதழுத்த குரலில் பேசினால் அவர்கள் பயந்துபோவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வீட்டின் துக்கத்தையும் இன்னொரு வீட்டின் சந்தோஷத்தையும் சொல்ல, ஏற்ற இறக்கமில்லாத ஒரு குரலை நாங்கள் பழகிக்கொள்கிறோம். யாரும் சொல்லித்தருவதில்லை. எங்களைக் காப்பாற்றிக்கொள்ள நாங்களே செய்துகொண்டது. அது உங்களை இவ்வளவு சுட்டிருக்கிறது என்பதை உங்கள் கடிதத்தில்தான் படித்தேன். மன்னியுங்கள்.

என் மேசையில் ஜீன் பர்டியின் படம் இருக்கிறது. நர்ஸாகப் படித்து, இந்தச் சிகிச்சை முறையை உருவாக்கிய விஞ்ஞானி எட்வர்ட்ஸோடு லேபில் உழைத்தவர். 1978 ஜூலை 25 அன்று பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் கரு பிரிந்து வளர்வதை முதலில் பார்த்தவர் அவர் என்பார்கள். அதைத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதுவரையான பத்தாண்டு முயற்சியில் இங்கிலாந்தின் ஓல்டாம் ஊருக்கு வந்த பெண்கள் 282 பேர். பிறந்தவை இரண்டே குழந்தைகள். வளராமல் நின்றுபோன கருக்களையும் நோட்டில் எழுதிவைத்தது பெரும்பாலும் பர்டியின் கைதான். அந்த இரவுகளில் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். 1985-இல், 39 வயதில் இறந்துபோனார். அந்த முயற்சியைக் குறித்து ஓல்டாமில் முதலில் வைத்த நினைவுப் பலகையில் அவர் பெயர் இல்லை.

உங்கள் கடிதம் வந்த வாரம், இன்னொரு பெண்ணுக்கு அதே செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு, "எனக்கும் மனசு கஷ்டமா இருக்கும்மா" என்றேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவர் அழுது முடிக்கும் வரை போனை வைக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் கேட்டார்: "டிபன் சாப்டீங்களா மேடம்?"

இல்லை என்றேன்.

அன்புடன்,
ஒரு கருவியலாளர்