நிலத்தடிச் செல்வமும் நிலமிசைச் செல்வமும்

நெருப்பின் துணையின்றி மக்கள் வாழ்வு நடைபெறாது. அடுப்பு எரிவதற்கும், இரும்பு உருகுவதற்கும், ஆலைகள் இயங்குவதற்கும், விளக்குகள் ஒளிர்வதற்கும் எரிபொருள் இன்றியமையாதது. அவ்வெரிபொருள் இருவகைப்படும். நிலத்தின் ஆழத்திலிருந்து அகழ்ந்தெடுக்கப்படுவது ஒன்று. நிலத்தின்மேல் ஆண்டுதோறும் விளைவது மற்றொன்று. இரண்டும் கதிரவன் வழங்கிய ஆற்றலேயாயினும், அவற்றிடையே உள்ள வேற்றுமை பெரிது.

நிலக்கரி, கல்லெண்ணெய், இயற்கை வாயு ஆகியன முதல் வகையைச் சாரும். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன்னர்ச் செழித்திருந்த காடுகள் சதுப்பு நிலங்களில் வீழ்ந்து மண்மூடி, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நிலக்கரியாக மாறின. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் அவ்வாறே புதையுண்டு கல்லெண்ணெயாயின. இந்தியாவில் இராணிகஞ்சு என்னுமிடத்தில் 1774-ஆம் ஆண்டிலேயே நிலக்கரி தோண்டும் தொழில் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றியது. 1962 முதல் அங்கு மின்னாற்றல் ஆக்கப்படுகிறது. இன்றும் நாட்டின் மின்னாற்றலில் பெரும்பகுதி நிலக்கரியினின்றே கிடைக்கிறது.

இச்செல்வம், முன்னோர் தேடிவைத்த முதற்பொருளை ஒத்தது. எடுக்க எடுக்கக் குறையுமேயன்றி வளராது. அஃதன்றிப் பிறிதொரு தீங்கும் உண்டு. நெடுங்காலம் மண்ணுள் அடங்கியிருந்த கரி, எரிக்கப்பட்டதும் கரியமில வாயுவாகிக் காற்றிற் கலக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்னர்க் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கினைக் கடந்துள்ளது. அதனால் புவியின் வெப்பம் மிகுகின்றது.

விறகு, உமி, வைக்கோல், கரும்புச் சக்கை, சாணம் முதலியன இரண்டாம் வகையின. இவை எரியும்போதும் கரியமில வாயு எழுவது உண்மையே. ஆயினும், அது பயிர்கள் அண்மையிற் காற்றினின்று பெற்றதே; மறுமுறை பயிர் வளருங்கால் மீண்டும் பயிரையே சேரும். இஃது ஆண்டு வருவாயைக்கொண்டு குடும்பம் நடத்துவது போன்றது.

கரும்பின் எடையில் பத்தில் மூன்று பங்கு அளவிற்குச் சக்கை எஞ்சுகிறது. சர்க்கரை ஆலைகள் அச்சக்கையைக் கொதிகலனில் எரித்து, நீராவியால் ஆலையை இயக்குகின்றன; மிகுந்த மின்னாற்றலைப் பிறர்க்கும் வழங்குகின்றன. சாணத்தை வறட்டியாக்கி எரித்தால் புகையும் சாம்பலுமே மிஞ்சும். நிலத்திற்குரிய உரம் வீணாகும். அதனையே நீரிற் கரைத்துக் காற்றுப் புகாத கலத்தில் இட்டால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து எரிவாயுவை உண்டாக்கும். அடுப்பும் புகையின்றி எரியும். எஞ்சிய குழம்பு கழனிக்கு நல்லுரமாகும்.

பிரேசில் நாடு, 1973-இல் கல்லெண்ணெய் விலை ஏறியமையால் இடருற்று, 1975-இல் கரும்பிலிருந்து எரிசாராயம் வடிக்கும் பெருந்திட்டத்தை வகுத்தது. இன்று அந்நாட்டுச் சாலைகளில் அவ்வெரிசாராயத்தால் ஓடும் ஊர்திகள் மிகப் பல.

எனினும், விளைபொருள் என்ற அளவிலே அனைத்தும் நன்மை பயக்கும் என்று கருதலாகாது. ஒரு நாழிகையில் வெட்டி வீழ்த்தப்படும் மரம் வளரப் பல்லாண்டுகள் ஆகும். உணவு விளையும் நிலத்தை எரிபொருளுக்கென ஒதுக்கினால் ஏழையின் உலையில் அரிசி குறையும். ஆதலின் முதற்கண் கழிவுப் பொருள்களையே பயன்படுத்தல் வேண்டும். அவை மட்டும் நாட்டின் தேவை முழுவதையும் நிறைவு செய்யா. கதிரொளியும் காற்றும் துணைநிற்றல் வேண்டும். சிக்கனமே இவை யாவற்றினும் சிறந்தது. வருவாயறிந்து செலவு செய்யும் குடியே தாழ்வின்றி வாழும். நாட்டிற்கும் அதுவே நெறி.